பழைய கம்பியூட்டரைக் கைவிடுமுன்

விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான கம்பியூட்டர்கள் விண்டோஸ் 11இற்குத் தகுதியற்றவை. ஆகவே நம்மில் பலர் கடைக் கம்பியூட்டரை மாற்ற வேண்டிய நிலையில் உள்ளோம். (வேகம் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற நினைப்பவர்கள் சற்றுப் பொறுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டுப் பாருங்கள். செலவு மிகக் குறைவு.)

புதியதை வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். பழையதையோ பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிடுகிறோம். அதற்குள் இருப்பவை என்ன? கடன்காரர் பட்டியல், வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகள், நமது கொள்விலை, வங்கிக் கடிதங்கள். கொள்விலை அடுத்த கடைக்காரருக்குத் தெரிந்தால் வியாபாரம் என்னவாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டோம்" என்பார்கள். கம்பியூட்டரில் அழிப்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது. பக்கங்கள் உள்ளேயே இருக்கும். 2003இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் வாங்கிய பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் 129 வேலை செய்தன. முறையாகச் சுத்தம் செய்யப்பட்டிருந்தவை 12 மாத்திரமே. பெரிய இடங்களும் தப்பவில்லை. மோர்கன் ஸ்டான்லி நிறுவனம் தரவு அழிப்பில் அனுபவமில்லாத, பொருட்களை இடம் மாற்றும் கம்பனி ஒன்றிடம் இவ்வேலையை ஒப்படைத்தது. தரவுகளுடனேயே பல சாதனங்கள் இணைய ஏலத்துக்குப் போயின. 2022இல் 35 மில்லியன் டொலர் தண்டம் கட்ட நேர்ந்தது.

எனது கடையில் முதலில் கணக்குகளைப் புதியதில் ஏற்றி, அவை திறக்கின்றனவா என்று பார்ப்போம். பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, என் கண்முன்னே துளையிடச் செய்வேன். டிஸ்க்குடன் விற்பதானால் முழுவதும் மேலெழுதும் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். எஸ்.எஸ்.டி.க்கு அது போதாது. தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கருவியே பொருத்தம். பெரிய போட்டோகொப்பி இயந்திரங்களுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் இருப்பதுண்டு; வாடகை இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது யாரும் இதை நினைப்பதில்லை.

எஞ்சிய பாகங்களைக் குப்பையில் போடாதீர்கள். பழைய பெட்டி மொனிட்டர்களின் கண்ணாடியில் ஈயம் உண்டு. செம்புக்காக வயரை எரித்தால் நச்சுப் புகை வரும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற சேகரிப்பாளரிடமே கொடுங்கள். கொடுக்கும்போது ஒவ்வொன்றின் தொடர் இலக்கத்தையும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சொத்துப் பட்டியலிலிருந்து கழிக்கக் கணக்காய்வாளரும் அதையே கேட்பார்.