பண்ணைக் குறிப்பேட்டில் ‘ஏன்’ என்பதையும் எழுதுங்கள்

நிலக்கடலை மூட்டை என்ன விலைக்குப் போனது என்பதை எந்த விவசாயியும் மறப்பதில்லை. விதைப்புக்கு முன் நல்ல மழை பெய்த தேதி எது, ஜிப்சம் இட்டது எத்தனையாவது நாள், அந்த ரகத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டால் பதில் தடுமாறும். அடுத்த பருவத்திற்கு உதவக்கூடியவை மறந்துபோன இந்தச் செய்திகளே.

ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் தறியும் நிலமும் சேர்ந்த குடும்பங்கள் உண்டு. வாங்கிய பாவு, நெய்து கொடுத்த துணி, பெற்ற கூலி எல்லாம் நோட்டில் ஏறிவிடும். அதே வீட்டு நிலத்துக்கு நோட்டு இருப்பதில்லை. இருந்தாலும் உரக்கடை பாக்கியும் ஆள் கூலியும் மட்டுமே அதில் இருக்கும். வரவு செலவு அவசியம்தான். ஆனால் செய்த வேலைக்குக் காரணத்தை அது சொல்லாது.

நிலக்கடலையையே எடுத்துக்கொள்வோம். விதைத்த 40 முதல் 45 நாட்களில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை, மண்ணுக்குள் வளரும் காயே நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆள் கிடைக்காமல் இந்த வேலை தள்ளிப்போனால் பொக்குக் காய் பெருகும். அறுவடையின்போது தாமதம் மறந்துவிடும். பழி விதை மீது விழும். மறு ஆண்டு அதிக விலையில் வேறு விதை வாங்குவார். ஜிப்சம் மீண்டும் தாமதமாகும். “ஆள் இல்லை, ஜிப்சம் 62ஆம் நாள் இட்டோம்” என்று அன்றே எழுதியிருந்தால் இந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

மானாவாரிக் கடலைக்குப் பழைய எதிரி சிவப்புக் கம்பளிப் புழு. கோடையில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, நல்ல மழை நனைத்த சில நாட்களில் அந்துப்பூச்சியாக வெளிவரும். விளக்குப் பொறி வைக்க வேண்டியது அப்போதுதான். மழை பெய்த தேதியும் பூச்சி கண்ட தேதியும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரே நோட்டில் இருந்தால், தம் ஊரில் எத்தனை நாள் இடைவெளி என்பது தெரிந்துவிடும். அதை எந்தப் புத்தகமும் சொல்லாது.

மழையை ‘ஓர் உழவு மழை’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அத்துடன், வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் அளவுகோலால் அளந்து எழுதலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர்.

கிணற்று நீரைக் குறிப்பது இன்னும் முக்கியம். “போன கோடையிலும் தண்ணீர் இருந்தது” என்ற நினைவை நம்பிக் கரும்பு நட்டு, பின்னர் கடன் வாங்கி இன்னோர் ஆழ்துளைக் கிணறு போட்டால் நிலமே அடமானத்துக்குப் போகும். மாதம் ஒரு முறை, மோட்டார் எத்தனை மணி நேரம் தொடர்ந்து தண்ணீர் தந்தது என்று எழுத வேண்டும். “ஒன்றரை மணி நேரம்தான் இழுத்தது, ஆகவே அரை ஏக்கர் மட்டும் நட்டோம்.” இந்த இரண்டு வரி போதும். முடிவைப் பலன் தெரிவதற்கு முன்பே எழுதுவதுதான் முறை. பலன் தெரிந்த பிறகு எல்லோரும் காரணத்தை மாற்றிச் சொல்வார்கள். இது மனித இயல்பு.

வீட்டுப் பெண்கள் களை எடுத்த நாட்களையும் தவறாமல் எழுதுங்கள். கூலி கொடுக்காததால் அது செலவில்லை என்று எண்ணுவது பெரும் பிழை. இதனால்தான் நட்டமான பயிர்கூட லாபமாகத் தோன்றுகிறது.

நாட்குறிப்பு தமிழருக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்தார். நம் மாவட்டத்திலேயே திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1952இல் டி.கே.எம். 6 ரகத்தை வெளியிட்டது. தண்டுத் துளைப்பானை ஓரளவு தாங்கும் அதன் குணம் பிற்பாடு ஐ.ஆர். 20க்கும் சென்றது. எந்தச் செடி தாங்கியது, எது சாய்ந்தது என்று பாத்தி பாத்தியாகக் குறித்துவைக்காமல் ரகம் பிறப்பதில்லை.

எழுதப் பழக்கமில்லாதவர் சொல்லச் சொல்ல, வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதலாம். நோட்டு மோட்டார் கொட்டகையில் இருக்கட்டும். ஈரத்தில் மை கலைந்துவிடும், பென்சிலே நல்லது. விதை வாங்கப் புறப்படுமுன் போன ஆண்டு இதே மாதத்துப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். வேளாண்மை அலுவலர் வயலுக்கு வந்தால் முதலில் அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள்.