போணி ஆகட்டும், பொறுங்கள்

மதுரைப் பக்கம் உள்ளூர்ச் செய்தி எழுத வரும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. கடை திறந்த கையோடு போய் நிற்காதீர்கள். போணி ஆகும் முன் கேள்வி கேட்பவரை யாருக்கும் பிடிக்காது. மதியச் சாப்பாடு முடிந்து கூட்டம் குறைந்திருக்கும் நேரம்தான் தோது. பேச்சின் நடுவே ஆள் வந்தால் ஒதுங்கி நின்று வியாபாரத்தைப் பாருங்கள்.

2. "லாபம் எவ்வளவு?" என்றால் "ஏதோ ஓடுது" என்பார்கள். வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில், சரக்கு கடனுக்கா ரொக்கத்துக்கா என்று கேளுங்கள். கணக்கு தானாக வெளியே வரும். தண்டலைப் பற்றி முதல் நாளே கேட்க வேண்டாம். பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தால் பைக்கில் நோட்டோடு ஆள் வருவார். பத்தாயிரம் கடன் என்பார்கள். ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ முன்பே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் கொடுப்பார்கள். பிறகு தினம் 100 ரூபாய், 100 நாள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இலேயே வந்தும் இது நடக்கிறது. இந்தக் கணக்கு புரியாமல் தள்ளுவண்டிக்காரரைப் பற்றி எழுதாதீர்கள். புரிந்து எழுதினாலும் அவர் பெயரைப் போடாதீர்கள். மறுநாள் அவசரத்துக்கு அவர் அதே ஆளிடம்தான் போக வேண்டும்.

3. தை பிறந்தால் 'மல்லி விலை கிடுகிடு' என்று எல்லாப் பேப்பரிலும் வரும். பனியில் வரத்து குறையும், முகூர்த்தம் கூடும். இதில் என்ன செய்தி இருக்கிறது? மாட்டுத்தாவணியில் விடியற்காலை விலை வேறு, வெயில் ஏறிய பின் விலை வேறு. எந்த நேரத்து விலை என்று எழுதுங்கள். அப்புறம் கோயில் பக்கம் தொடுத்து விற்கும் அம்மாவிடம் போங்கள். கிலோ விலை இரண்டு மடங்கானாலும் முழத்துக்கு அவர் இரண்டு மடங்கு கேட்க முடியாது. அதனால் நெருக்கித் தொடுத்த பூவைச் சற்றுத் தள்ளித் தள்ளித் தொடுப்பார். முழமும் கொஞ்சம் குட்டையாகும். வாங்குகிறவர்களுக்கும் இது தெரியும், பேசாமல் வாங்கிப் போவார்கள். எழுத வேண்டியது அதைத்தான்.

4. 'நகரிலேயே முதல் ஜிகர்தண்டா கடை' என்று எழுதும் முன் எதிர்க்கடையிலும் விசாரியுங்கள். அவரும் அதையே சொல்வார்.

5. டீ குடியுங்கள், காசு கொடுத்துவிட்டு. தீபாவளி ஸ்வீட் பாக்ஸைத் திருப்பி அனுப்புங்கள். பகுதிநேர நிருபர் தலையில் விளம்பரம் பிடிக்கும் வேலையையும் கட்டுவது நம் தொழிலின் பழைய வியாதி. முடிந்தவரை மறுத்துவிடுங்கள். மறுக்க வழியில்லை என்றால், விளம்பரம் வாங்கிய கடையைப் பற்றி வேறொருவர் எழுதட்டும்.

6. திறப்பு விழாவுக்கு எல்லாரும் போவார்கள். ஆறு மாதம் கழித்துப் போகிறவர் குறைவு. புதுமண்டபத்துத் தையல்காரர்களும் வளையல் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரத்தின் புதுக் கட்டடத்துக்கு மாறினார்கள். தலைமுறையாய் மண்டபத்துக்கே வந்து பழகிய வாடிக்கை புது இடம் தேடி வந்ததா? பழைய மிஷின்களில் எத்தனை இன்னும் ஓடுகின்றன? கட்டடம் வந்த செய்தியைவிட இது முக்கியம்.

7. வாரச் சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். ஒரு கூடைக்கு, ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சி நிர்ணயித்த கட்டணம் உண்டு. கீரைக்கார அம்மாவிடம் வாங்கியது எவ்வளவு, ரசீது கொடுத்தார்களா என்று பாருங்கள். ஏலத் தொகையும் கட்டணப் பட்டியலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்கும். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. கிராமப்புறச் சந்தை என்றால் கிராம சபையிலும் கேட்கலாம். அது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஆறு நாளும் வேறு வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள்.