தீவுகளுக்கு வந்த மின்சாரப் பணம்: நாம் கேட்க வேண்டிய கேள்வி

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளும் நீண்டகாலம் டீசல் இயந்திர மின்சாரத்தையே நம்பியிருந்தன. அந்த டீசல் கடல் கடந்து போகவேண்டும். தீவு மக்கள் செலுத்துவதோ நாட்டின் ஏனைய இடங்களுக்குரிய அதே கட்டணம். ஆகவே அங்கு எரியும் ஒவ்வொரு விளக்கிலும் மின்சார சபைக்கு நட்டம் இருந்தது.

வெயிலுக்கும் காற்றுக்கும் அங்கே பஞ்சமில்லை. சோளகம் எப்படி வீசும் என்பது பூநகரிப் பக்கத்தில் வாழும் எமக்குத் தெரியாததல்ல. மாரியில் முகில் மூடினால் சூரியத் தகடு சோர்ந்துவிடும். எனவே சூரியன், காற்று, பற்றரி, அவசரத்துக்கு டீசல் என நான்கையும் இணைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது.

பணம் யாருடையது என்பதில் பிரச்சினை எழுந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் இவ்வேலையைச் சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்க 2021 சனவரியில் அமைச்சரவை அனுமதித்தது. தன் கரைக்கு இவ்வளவு அருகில் வேண்டாமென்று இந்தியா ஆட்சேபித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சீனத் தரப்பு வேலையை இடைநிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கையானது. ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சில்தான். பெரியவர்களின் வழக்கில் தீவு மக்களுக்கு மூன்று வருடம் போயிற்று.

மூன்று தீவுகளுக்குமாகத் திட்டமிடப்பட்டது 1,700 கிலோவாற் சூரிய சக்தி, 530 கிலோவாற் காற்றுச் சக்தி. பற்றரியில் 2,400 யூனிற் சேமிக்கலாம். ஒரு வீடு இரவில் 2 யூனிற் பாவித்தால் அது 1,200 வீடுகளுக்குப் போதும்.

இனித்தான் பாடம். நன்கொடை பொருத்துவதற்கு வருகிறது. பற்றரி மாற்ற வருவதில்லை. தீவுகளில் அந்தப் பொறுப்பை ஏற்க ஒரு பெரிய சபை உண்டு. தனி வீட்டுக்குக் கிடைக்கும் சூரியத் தொகுதிக்கு அப்படி எவருமில்லை. தகடு இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும். ஈய அமிலப் பற்றரி மூன்று முதல் ஐந்து வருடம்; அதுவும் முழுதாக வடிய விடாமல் பாவித்தால்.

தென்னிலங்கையில் இரண்டு வழிகளையும் பார்த்திருக்கிறார்கள். 1997இல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் சர்வோதயத்தின் கடன் பிரிவு வீட்டுச் சூரியத் தொகுதிகளுக்குத் தவணைக் கடன் கொடுத்தது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வெளிச்சம் கிடைத்தது. ஆனால் பிரதான மின்கம்பி எதிர்பாராமல் ஊருக்குள் வந்தபோது, கடன் முடியாத தகடு பலருக்குச் சுமையாயிற்று. மலைநாட்டின் சிறு நீர்மின் கிராமங்களிலோ மக்களே மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, மாதாமாதம் கட்டணம் சேர்த்து, இயந்திரம் பழுதானால் அதிலிருந்து திருத்தினார்கள். எம்மைப்போல் இடம்பெயர்ந்து, கிடைத்ததை மறுக்க முடியாத நிலையில் நிற்பவர்களுக்கு இரண்டாவது வழியே பொருந்தும் என்பது என் எண்ணம்.

கணக்கு இலகுவானது. பற்றரி 45,000 ரூபா, ஆயுள் மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத்தால் பிரித்தால் மாதம் 1,250 ரூபா. மண்ணெண்ணெய்க்கும் தொலைபேசி சார்ச் பண்ணவும் உங்கள் வீட்டில் மாதம் எவ்வளவு போகிறது? அதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 1,250 ரூபா தாங்காதென்றால் சிறிய தொகுதியாகக் கேளுங்கள். இலவசம் என்பதற்காகப் பெரியதை எடுக்காதீர்கள்.

யாராவது தகடு தர வந்தால் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: உத்தரவாதம் எத்தனை வருடம், திருத்துபவர் எந்த ஊரில் இருக்கிறார், மின்கம்பி வந்தால் தொகுதியைத் திருப்பி எடுப்பார்களா? பற்றரிச் சேமிப்பை யார் யார் பெயரில், எந்த வங்கியில் போடுவது என்பதை, தகடு வருமுன்னரே சங்கக் கூட்டத்தில் பேசி அறிக்கைப் புத்தகத்தில் பதிந்துவிடுங்கள்.