சுவரில் கை வைக்கும் முன்

கோவை,
ஞாயிறு காலை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இரண்டு கைப்பிடி, நடுவே ஷவருக்குத் திருப்பும் குமிழ், கீழே வாளிக்கு விழும் மூக்கு. முப்பது வருஷத்துப் பழைய வால் மிக்ஸர். மேல்பூச்சு உரிந்து பித்தளை தெரிகிறது, மூட்டெல்லாம் உப்பு பூத்துக் கிடக்கிறது. "டைல்ஸை உடைச்சாத்தான் மேடம் சரிவரும்" என்று பிளம்பர் சொல்லிவிட்டுப் போனாராம். நாலு டைல்ஸ் உடைந்தால் அதற்கு ஜோடி இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. கடைசியில் குளியலறை முழுக்க மாற்ற வேண்டி வரும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. உடைத்துச் செய்வது அவருக்குச் சுலபம், அவ்வளவுதான்.

உன் மிக்ஸர் சுவருக்கு வெளியே இருக்கிறது. சுவருக்குள் இருப்பவை சுடுதண்ணீருக்கு ஒன்று, பச்சைத்தண்ணீருக்கு ஒன்று என இரண்டு பைப், அவற்றின் நுனியில் ஆளுக்கொரு எல்போ. அந்த எல்போவில் சின்னத் துண்டு ஒன்று திருகியிருக்கும். கடையில் 'லெக்' என்று கேள். மிக்ஸர் நிற்பது இந்த இரண்டு காலில்தான். மையத்துக்கு மையம் ஆறு அங்குலம், அதாவது 150 மில்லிமீட்டர். கம்பெனி மாறினாலும் அநேகமாக இந்த அளவு மாறாது. அன்றைக்கு எல்போ வைத்தவர் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தாலும் பயமில்லை. கால் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதே அந்தப் பிசகைச் சமாளிக்கத்தான். திருப்பத் திருப்ப மையம் நகரும். இன்றைக்கே டேப் வைத்து அளந்து எழுதிக்கொள். (சுவருக்குள் உடம்பு புதைந்த டைவர்டர் என்றால் கதை வேறு. அதே மாடலின் உள்பாகம் கிடைத்தால் பிழைத்தாய்.)

வெறும் சொட்டு மட்டும்தான் தொந்தரவு என்றால் மிக்ஸரையே மாற்ற வேண்டாம். கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போ. ரப்பர் வாஷர் வைத்த பழைய ஸ்பிண்டிலுக்குப் பதிலாக, கால் சுற்றில் மூடும் செராமிக் ஸ்பிண்டில் அதே மரைக்குப் பல சமயம் கிடைக்கும். எங்கள் சிறுவாணித் தண்ணீரில் குழாய்க்கு அவ்வளவு சீக்கிரம் வயசாகாது. உன் சென்னை போர் தண்ணீரில் மூக்குச் சல்லடையை மாதம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்துத்தான் ஆக வேண்டும்.

மாற்றுவது என்று முடிவு செய்தால், கடைக்காரர் காட்டும் ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரிடம் ஜாக்கிரதை. பார்க்க அழகுதான். 1937இல் இரட்டைக் குழாயில் கை சுட்டுக்கொண்ட ஆல்ஃபிரட் மோயன் என்ற அமெரிக்க மாணவரின் யோசனையிலிருந்து வளர்ந்து, 1947இல் கடைக்கு வந்தது அது. ஆனால் அங்கே தெருக்குழாயின் அழுத்தமே வீட்டுக்குள் வருகிறது. உனக்கு மொட்டைமாடித் தொட்டிதான் கதி. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீருக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். நீயோ மேல்மாடியில் இருக்கிறாய்; தொட்டி உன் குழாய்க்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பெட்டியில் பார்க்காமல் வாங்காதே. உன் வீட்டுக்கு இரண்டு கைப்பிடி மிக்ஸரே போதும் என்பது என் கட்சி.

இனி வேலை. கீசரை முதல் நாள் ராத்திரியே அணைத்துவிடு. தொட்டியின் கேட் வால்வை மூடி, கீழே ஒரு குழாயைத் திறந்து வைத்து, வருவது நிற்கிறதா என்று பார். பழைய கேட் வால்வு மூடிய மாதிரி நடிக்கும். மிக்ஸரின் பெரிய நட்டுகளைத் துணி சுற்றிய ஸ்பேனரால் தளர்த்தினால் அது கையோடு வந்துவிடும்.

ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. பழைய லெக்கைக் கழற்றும்போது அவசரப்படாதே. அந்தக் காலத்தில் சணலும் பெயிண்டும் சுற்றி இறுக்கியிருப்பார்கள். ஜி.ஐ. எல்போ உள்ளுக்குள் துருப்பிடித்து அப்பளமாகியிருக்கும். என் வீட்டில் பைப் ரெஞ்சைப் போட்டு ஒரே மூச்சில் திருகினேன், 'டொக்' என்றது. அன்று நானே சுவரை உடைத்தேன். அசையவில்லையா, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திரு. மறுநாளும் அசையவில்லை என்றால், கால்கள் நன்றாக இருக்கிற பட்சத்தில் அப்படியே விட்டுவிட்டு, அதே அளவு நட்டு உள்ள மிக்ஸரைத் தேடு.

புது லெக்குக்கு டெஃப்லான் டேப் சுற்றும்போது மரை நுனி உன்னைப் பார்த்திருக்கட்டும், கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்று. இறுக்கிய பிறகு "கொஞ்சம் அதிகமாகிவிட்டது" என்று பின்னால் திருப்பாதே. டேப் பிடிவிட்டுவிடும், கசிவு சுவருக்குள்ளேயே ஓடும், ஆறு மாதம் கழித்து அடுத்த அறையில் ஈரம் தெரியும். நிற்க வேண்டிய இடம் தாண்டிவிட்டால் கழற்றிப் புது டேப் சுற்று.

மிக்ஸரை மாட்டுமுன் இரண்டு காலுக்கும் கீழே வாளி வைத்து, கேட் வால்வைத் திறந்து பத்து விநாடி தண்ணீர் விடு. உள்ளே கிளம்பிய மண்ணும் துருவும் வெளியே வரட்டும். புது ஸ்பிண்டிலை முதல் நாளே கெடுப்பது இந்தக் குப்பைதான். இதைச் செய்யாமல் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் நிறைய. சுடுதண்ணீர் இடது பக்கம், மறந்துவிடாதே.

சுவர் ஓட்டையை மறைக்கும் வட்டத் தகடு சின்னதாக இருந்தால் பெரிய தகடு தனியாகவே கிடைக்கும். அதன் மேல் பாதியில் மட்டும் சிலிக்கான் தடவு. கீழ்ப் பக்கத்தை விட்டுவை. உள்ளே கசிந்தால் அந்த வழியாக வெளியே வந்து உனக்குச் சொல்லும்.

பழைய மிக்ஸரைக் குப்பையில் போட்டுவிடாதே. அத்தனையும் பித்தளை, எடைக்குப் போடலாம். உன் அப்பாவிடம் கொடுத்தால் பரணில் ஏற்றிவிடுவான்.

அன்புடன்,
அத்தை