வெள்ளை மரத்துக்குச் சொந்தக்காரர் யார்?

கேள்வி: ஆஸ்திரேலியா என்றாலே வெள்ளை அடிமரம், பின்னால் ஊதா மலை என்று ஒரு படம் காலண்டர்களில் வருகிறதே, அதை முதலில் வரைந்தது யார்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் வரைந்தது இன்னார்தான் என்று யாரையும் கைகாட்ட முடியாது. ஆனால் வீட்டுக்கு வீடு மாட்ட வைத்தவர் ஆல்பர்ட் நமட்ஜிரா. மத்திய ஆஸ்திரேலியாவின் அரெண்டா பழங்குடியைச் சேர்ந்தவர். 1902-ல் ஹெர்மன்ஸ்பர்க் என்ற லுத்தரன் மிஷனில் பிறந்தார்.

மரத்தின் பெயர் 'கோஸ்ட் கம்'. ஊட்டியின் தைல மரமான யூகலிப்டஸுக்கு உறவு. பட்டை வழுவழுவென்று இருக்கும். தடவினால் வெள்ளைப் பொடி கையோடு வரும்.

1901-ல் ஆஸ்திரேலியா ஒரே நாடானபோது அதற்கென்று ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. ஓக் மரம் இங்கிலாந்துக்காரர்களுடையது. அந்த இடத்துக்கு யூகலிப்டஸ் வந்ததில் ஓவியர் ஹான்ஸ் ஹேசனுக்குப் பெரும் பங்கு உண்டு. அவரே ஜெர்மனியிலிருந்து சிறுவனாக வந்து குடியேறியவர் என்பது வேடிக்கை!

நமட்ஜிரா 1936-ல் ரெக்ஸ் பாட்டர்பீ என்ற ஓவியருக்கு ஒட்டகம் ஓட்டி வழிகாட்டினார். கூலியாகக் கேட்டது நீர்வண்ணப் பாடம். இரண்டே ஆண்டில் மெல்போர்னில் கண்காட்சி. அத்தனை படமும் விற்றுத் தீர்ந்தது. பல படங்களில் மரம் முன்னால், ஓரமாக, கிளை தாளுக்கு வெளியே போகிற அளவு பெரிதாக நிற்கும். வெள்ளைக்காரர் பாணியைக் காப்பியடிக்கிறார் என்று விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அவர் வரைந்தது அப்பா வழி மண்ணையும் அம்மா வழி மண்ணையும். அந்த மலைக்கும் மரத்துக்கும் முன்னோர் கதை உண்டு. அதைக் காப்பது அவர் கடமை. வாங்கியவர்களுக்கு அது இயற்கைக் காட்சி, அவருக்குப் பட்டா.

படம் வரவேற்பறைக்குப் போன அளவுக்கு மனிதருக்கு மரியாதை கிடைக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட அனுமதி மறுத்தார்கள். 1957-ல்தான் முழுக் குடியுரிமை. மறு ஆண்டே, அந்த உரிமை இல்லாத உறவினருக்கு மது கொடுத்தார் என்று தண்டனை, 1959-ல் இறந்துபோனார்.

அவர் வரைந்த இரட்டை மரங்கள் 2013 தொடக்கத்தில் எரிந்து கிடந்தன. யாரோ வைத்த தீ என்று சந்தேகம். மரம் மட்டுமல்ல, படங்களும் குடும்பத்தின் கைவிட்டுப் போயிருந்தன; அவற்றின் பதிப்புரிமையை 1983-ல் அரசு அறங்காவலர் வெறும் 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்துக்கு விற்றிருந்தார். குடும்பம் போராடி, 2017-ல் அது அவர்களுக்கான அறக்கட்டளைக்குத் திரும்பியது. ஆகவே காலண்டரில் அவர் படம் அச்சானால், உரிமைத்தொகை 2029 வரை அங்கேதான் போகவேண்டும்.