கார்பரேட்டரைக் கடைசியாகத் திற

ராஜபாளையத்தில் ஸ்பேனர் பிடித்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. புல்லட், ராஜ்தூத், எஸ்டி, ஆர்எக்ஸ் 100 என்று என் கையில் பழகியதெல்லாம் இன்றைக்குப் பழைய வண்டி. நானும்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததிலிருந்து புது வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். கம்ப்யூட்டரை மாட்டினால் அதுவே தன் நோயைச் சொல்லிவிடுகிறது. பழைய வண்டி சொல்லாது. ஆனால் 1996-லேயே வருவது நின்றுபோன ஆர்எக்ஸ் 100-ஐத் தேடிப் பிடித்து, கேட்ட விலை கொடுத்து வாங்குகிற பையன்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த வண்டிகள் உங்களிடம்தான் வரும். தொழிலுக்குப் புதிதாய் வந்த தம்பிகளுக்கு, பெட்ரோல் சரியாக இறங்காத வண்டியை எப்படி அணுகுவது என்று எழுதுகிறேன்.

1. வண்டி வந்ததும் திருப்புளியைத் தேடாதே. ஓட்டி வந்தவரிடம் பேசு. "மிஸ்ஸாகுது தம்பி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். விடாதே. கிளம்பும்போது நிற்கிறதா, சூடான பிறகா? ஏற்றத்திலா, சமதரையிலா? எத்தனை கிலோமீட்டர் ஓடி நிற்கிறது? நின்ற பிறகு தானாகக் கிளம்புகிறதா? பாதி வேலை இந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிடும்.

2. டேங்கைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா பார். சிரிக்காதே. டேப்புக்கு மேலே டேங்குக்குள் இரண்டு வழி உண்டு. உயரமான குழாய் 'ஆன்', அடியில் இருப்பது 'ரிசர்வ்'. பெட்ரோல் போட்ட பிறகு டேப்பைத் திரும்ப 'ஆன்' பக்கம் கொண்டுவர மறந்தவர், அடுத்த முறை நடுவழியில் நிற்கும்போது ரிசர்வையும் குடித்து முடித்திருப்பார். கூடவே, அடியில் கிடக்கிற கசடு முழுக்க ரிசர்வ் வழியாகத்தான் இறங்கும்.

3. பெட்ரோல் குற்றமா, கரண்ட் குற்றமா என்பதை முதலில் பிரி. நின்ற உடனே ப்ளக்கைக் கழற்றிப் பார். காய்ந்து வெளுத்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து கருத்திருந்தால் அதிகமாக வருகிறது, இல்லை ஸ்பார்க் அடிக்கவில்லை. நல்ல ப்ளக்கின் நிறம் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள்; ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் விறகடுப்பில் நன்றாகச் சுண்டிய பால்கோவா நிறம் என்பேன். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கலப்பதால் அதைவிட ஒரு சுற்று கருப்பாக இருக்கும், பயப்படாதே. பாயிண்ட் தேய்ந்த வண்டிக்குக் கார்பரேட்டர் மாற்றிக் காசு வாங்கிய ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. நீ அவர்களில் ஒருவனாகாதே.

4. பழைய வண்டியில் பெட்ரோலுக்குப் பம்ப் கிடையாது. மேலே டேங்க், கீழே கார்பரேட்டர். நம் கண்மாய்ப் பாசனம் மாதிரி, பள்ளம் பார்த்துத்தான் இறங்கும். டேங்க் கண்மாய், டேப் மடை, டியூப் வாய்க்கால், கார்பரேட்டர் வயல். வயல் காய்ந்தால் சம்சாரி வரப்பை வெட்டிப் பார்ப்பாரா? கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா, மடை திறந்திருக்கிறதா, வாய்க்காலில் எங்கே அடைப்பு என்று மேலேயிருந்து நடந்து வருவார். நீயும் அப்படியே வா. புதுப் பையன்கள் எடுத்தவுடன் கார்பரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். கழற்றத் தெரியும் என்று காட்டுவதில் ஒரு ஆசை.

5. டேங்க் மூடியைச் சந்தேகப்படு. இதை நான் கற்ற கதை கொஞ்சம் வெட்கக்கேடு. ஒரு பால்காரர் ராஜ்தூத்தில் இரண்டு பக்கமும் கேன் கட்டி, தினமும் விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவார். இங்கிருந்து 12 கிலோமீட்டர் போல இருக்கும். பாதி வழியில் வண்டி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். மூன்று முறை கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவிக் கொடுத்தேன். நான்காவது முறை வந்தபோது அவரே யதார்த்தமாகச் சொன்னார்: "டேங்க் ஃபுல்லா இருக்கிற அன்னிக்குத்தான் அண்ணாச்சி சீக்கிரம் நிக்குது." மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க ஒரு பாலிதீன் தாளை மூடிக்கு அடியில் வைத்து முறுக்கியிருந்தார் மனிதர்.

பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடியில் இருக்கிற ஊசித்துளை அதற்குத்தான். அது அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பிடித்து நிறுத்தும். டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்று கொஞ்சம்தான், அதனால் சீக்கிரமே இழுத்துப் பிடிக்கும். நின்ற பிறகு எங்கேயோ கசிந்து காற்று நுழைய, வண்டி மறுபடி ஓடும். மாந்தோப்பில் நிறுத்துகிற வண்டி என்றால் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறதா என்றும் பார். தாளை எடுத்து எறிந்தேன். மூன்று முறை வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார்.

6. அடுத்து மடை. டியூபைக் கார்பரேட்டர் பக்கம் கழற்றி, ஒரு பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திற. நூல் பிடித்தது போல விடாமல் ஊற்ற வேண்டும். சொட்டினாலோ, முதலில் ஊற்றி மெல்ல மெல்ல இளைத்தாலோ குற்றம் மேலேதான். மூடியைப் போட்டு ஒரு தடவை, திறந்து ஒரு தடவை பார். இந்த வேலையை இன்ஜின் ஆறிய பிறகு, வெளியில், காற்றோட்டத்தில் செய். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து பக்கத்து டீக்கடை அடுப்பு வரைக்கும் போகும். பீடி பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வருகிறவரை, மாமனே ஆனாலும், விரட்டு.

7. டேப்பின் வலையில் செம்மண் மாதிரிப் படிந்திருந்தால் அது மண்ணல்ல, டேங்கின் துரு. பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியில் வெறும் தகரத்தில் ஈரம் வேர்த்துத் துரு ஏறும். டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு கை சிறிய நட்டுகளும் போட்டுக் குலுக்கு. நட்டுகளை எண்ணிப் போடு, எண்ணி எடு. ஒரு நட்டு உள்ளே தங்கினால் வண்டி ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதெல்லாம் உன் பேரைச் சொல்லும்.

8. டியூப் மடிந்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா பார். நல்லது என்று நினைத்து நடுவில் பெரிய பேப்பர் ஃபில்டர் மாட்டியிருப்பார்கள்; பம்ப் தள்ளுகிற வண்டிக்கு உரியது அது. தானாக இறங்குகிற பெட்ரோலுக்கு அந்தத் தடையே அதிகம். கழற்றிவிடு.

9. இப்போது கார்பரேட்டர். திறப்பதற்கு முன்னால் திருப்புளியின் கைப்பிடியால் அடிக்கிண்ணத்தை மெதுவாகத் தட்டு. நீடில் வால்வில் தூசி சிக்கி ஓவர்ஃப்ளோ ஆனால் சில நேரம் இதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே ஆட்டு. உள்ளே களக் என்றால் அது மிதக்காது, மூழ்கும். வால்வு மூடவே மூடாது. பித்தளை ஃப்ளோட் என்றால் சுடுதண்ணீரில் அமுக்கு, ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். உள்ளே பெட்ரோல் இருக்கும்போது நெருப்பில் காட்டிப் பற்றவைக்க முயலாதே.

10. ஜெட்டுக்குள் கம்பி விடாதே. பித்தளை மெத்து, ஒரு தடவை கீறினால் ஓட்டை பெருகி, வண்டி ஆயுளுக்கும் பெட்ரோல் குடிக்கும். பைலட் ஜெட்டின் துளை இரண்டு மூன்று தலைமுடி சேர்ந்த பருமன்தான். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்று அடி, வெளிச்சத்தில் தூக்கிப் பார். ஐடில் நிற்காவிட்டால் பைலட். பாதி ஆக்ஸிலேட்டரில் திணறினால் ஊசி. முழுக்க முறுக்கியும் இழுக்காவிட்டால் மெயின். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணிச் சுவரில் எழுதிவை. என் பட்டறைச் சுவர் முழுக்க அந்தக் கணக்குதான். வெள்ளையடிக்க விடமாட்டேன்.

11. கலவை என்றால் பெட்ரோல் மட்டுமல்ல, காற்றும்தான். 1936-ல் ராஜபாளையம் மில் தொடங்கியதிலிருந்து இது நூற்பாலை ஊர். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறி. மில் ஷெட்டில் நிற்கிற வண்டியின் ஏர் ஃபில்டரில் பஞ்சு, மெத்தை தைக்கிற அளவுக்குச் சேரும். காற்று குறையும், ப்ளக் கருக்கும், ஓனர் கார்பரேட்டரைத் திட்டுவார். இதற்கு நேர் எதிர், கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு. திருட்டுக் காற்று நுழைந்து ஐடில் ஏறி ஏறி இறங்கும். டூ ஸ்ட்ரோக்கில் இதை அலட்சியம் செய்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

12. 2023-ல் தொடங்கி இப்போது பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர்கள் அதில் ஊறி உப்பும். ஆகவே டியூபையும் வாஷர்களையும் இந்தப் பெட்ரோலுக்கேற்ற சரக்காக மாற்று. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிற வண்டிக்கு டேப்பை மூடி, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடச் சொல்.

13. வேலை முடிந்தால் பட்டறைத் தெருவில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுச் சாவியைக் கொடுக்காதே. எத்தனை கிலோமீட்டரில் நிற்கிறது என்று முதலிலேயே கேட்டாயே, அதைத் தாண்டி ஓட்டு. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரம் வரை போய் வருவேன், மூடியை இறுக்கி, டேங்க் நிறைய. திரும்பும்போது கால் கிலோ பால்கோவா. வண்டி வழியில் நின்ற நாட்களில் அதைத் தின்றுகொண்டே தள்ளி வந்திருக்கிறேன்.