கூடாரம் போடுமுன் உயரம் பாருங்கள்

தில்லியிலிருந்து சொந்தக் காரில் லே போகக் கிளம்பும் நம்மவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இரவு எங்கே படுக்கப் போகிறீர்கள்?" என்பதைத்தான். கூடாரமும் குக்கரும் அரிசியும் கையோடு இருந்தால் ஓட்டல் செலவு மிச்சம். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். ஒரே நாளில் சர்ச்சு போய்க் கூடாரம் அடித்தோம். அது ஏறத்தாழ 4,300 மீட்டர். அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. சாதம் நன்றாகவே வெந்தது, சாப்பிடத்தான் ஆளில்லை. மகளுக்குத் தலைவலி, பிறகு வாந்தி. குளிர்தான் காரணம் என்று அடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்கப் பார்த்தேன், மனைவி தடுத்துவிட்டாள். மூடிய கூடாரத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

காரணம் உயரம். 3,000 மீட்டரைத் தாண்டினால், படுக்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்பது மருத்துவர்கள் கூறும் விதி. நோய் முற்றினால் இறங்குவதே மருந்து. ஆனால் சர்ச்சுவிலிருந்து மணாலிப் பக்கம் இறங்க, முதலில் சுமார் 4,890 மீட்டர் உயரமுள்ள பாராலாச்சா கணவாயை ஏறிக் கடக்க வேண்டுமே! இருட்டில் துணியவில்லை. விடியும்வரை அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காலையில் கணவாய் தாண்டி ஜிஸ்பாவுக்கு இறங்கினோம். மதியம் ரசஞ்சாதம் கேட்டாள்.

மறு வருடம் ஸ்ரீநகர், கார்கில் வழியாகப் படிப்படியாக ஏறி லே போனோம். மணாலி வழியைத் திரும்புவதற்கு வைத்துக்கொண்டோம். அப்போது அதே சர்ச்சுவில் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம்.